மாவட்டத் திட்டக் குழு எங்கே போனது?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நம் வாட்ஸ்அப் குழுவில் ஏரிச் சண்டை ஓயவில்லை. நகராட்சிச் சாக்கடை வாய்க்கால் வழியாக வந்து ஊராட்சி ஏரியில் கலக்கிறது. டவுனில் இருப்பவர்கள் "ஏரியைப் பராமரிக்காதது ஊராட்சியின் குற்றம்" என்கிறீர்கள். ஊரில் இருப்பவர்கள் "உங்கள் கழிவை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்" என்கிறீர்கள். இரண்டு பக்கமும் என் பிள்ளைகள்தான். இருவருக்கும் ஒன்றே சொல்கிறேன்: இந்த வழக்கைப் பேசித் தீர்க்க அரசியலமைப்புச் சட்டமே ஒரு சபையை அமைத்திருக்கிறது. அதன் பெயர் மாவட்டத் திட்டக் குழு.

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம், 243இசட்டி பிரிவு. ஒரு மாவட்டத்து ஊராட்சிகளும் நகராட்சிகளும் போடும் திட்டங்களை ஒன்றாகச் சேர்த்து, மாவட்டம் முழுமைக்கும் ஒரு வளர்ச்சித் திட்ட வரைவு தயாரிப்பது இதன் வேலை. அப்போது எதையெல்லாம் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் சட்டமே சொல்கிறது: இரு தரப்புக்கும் பொதுவான விஷயங்கள், நிலப்பயன்பாடு, தண்ணீர் உள்ளிட்ட இயற்கை வளங்களைப் பகிர்ந்துகொள்வது, சுற்றுச்சூழல் பாதுகாப்பு. நம் ஏரி இதில் எந்த வரியில் விடுபட்டுப் போகிறது, சொல்லுங்கள்?

இதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள், மாவட்ட ஊராட்சி உறுப்பினர்களும் நகர்மன்ற உறுப்பினர்களும் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுப்பவர்கள். கிராமத்துக்கு எத்தனை இடம், நகரத்துக்கு எத்தனை இடம் என்பது மக்கள்தொகை விகிதப்படி. தமிழ்நாட்டில் மாவட்ட ஊராட்சித் தலைவர்தான் இதற்குத் தலைவர். கலெக்டர் துணைத் தலைவர் மட்டுமே. எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் உங்களில் எத்தனை பேர் இந்தக் குழுவின் பெயரையாவது செய்தித்தாளில் பார்த்திருக்கிறீர்கள்?

கேரளத்தைப் பாருங்கள். அங்கே கிராமப் பஞ்சாயத்தும் நகரசபையும் போடும் ஆண்டுத் திட்டம் மாவட்டத் திட்டக் குழுவின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். கையில் பணமும் இருந்தது, அதைப் பேசி முடிவு செய்யச் சபையும் இருந்தது. கொரோனா காலத்தில்கூட 2020 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தலை நடத்திக் காட்டினார்கள்.

நாம் என்ன செய்தோம்? 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. 27 மாவட்டங்களின் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. மீதி ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. 2019இல் வந்தவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். முதல் முறை ஒரு கட்சி ஆட்சி, அடுத்த முறை இன்னொரு கட்சி ஆட்சி. ஒருமுறை வழக்கு காரணம், இன்னொரு முறை வார்டு மறுவரையறை காரணம். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்று 243இ பிரிவு சொல்வது மட்டும் யாருக்கும் காரணமாகத் தெரியவில்லை.

இதன் விளைவை யோசியுங்கள். நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்துவிட்டது. ஊரகத் தேர்தல் நடக்காத மாவட்டத்தில், மாவட்டத் திட்டக் குழுவில் கிராமத்தின் நாற்காலிகளில் உட்கார ஆளே கிடையாது. சாக்கடையை அனுப்புகிறவனுக்குக் குரல் உண்டு, வாங்கிக்கொள்கிறவனுக்கு இல்லை. இதற்குப் பெயர் திட்டமா?

"கலெக்டர்தான் இருக்கிறாரே சார், மனு கொடுத்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். நல்ல கலெக்டர்கள் பலர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர் இடமாறுதலில் போய்விடுவார். நாளை அவரை ஓட்டுப் போட்டு நாம் மாற்றவும் முடியாது. மனு கொடுப்பவன் கைகட்டி நிற்கிறான். உறுப்பினன் எதிரே உட்கார்ந்து பேசுகிறான். மக்களாட்சி என்று வகுப்பில் நான் நடத்தியது இரண்டாவதைத்தான்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபைக்குப் போங்கள். "நம் மாவட்டத் திட்டக் குழு கடைசியாக எப்போது கூடியது? நம் ஊராட்சியின் திட்டம் அதில் வைக்கப்பட்டதா?" என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். டவுனில் இருப்பவர்கள் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இதையே கேளுங்கள். தேர்தலில் நிற்கப் போகிற தம்பி தங்கைகளே, சிமெண்ட் சாலை வாக்குறுதியோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கு ஊராட்சி எல்லையும் தெரியாது, நகராட்சி எல்லையும் தெரியாது. எல்லை போட்ட நாம்தான் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும்.