நரிக்குடியிலிருந்து பினாங்கு வரை

சென்ற ஐப்பசியில் சிவகாசியில் நண்பர் ஒருவருடைய அச்சகத்துக்குச் சென்றிருந்தேன். பட்டாசுப் பெட்டி உறைகளின் வேலை ஓய்ந்து நாட்காட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு மூலையில் மருது சகோதரர்களின் நினைவு நாளுக்கான சுவரொட்டிகள் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருந்தன. பெரிய மருதுவின் தலைக்குப் பின்னால் தீப்பிழம்பு, கையில் உயர்த்திய வாள். “இவுகதான் அண்ணாச்சி நம்ம ஊரு லியோனிடாஸ்” என்றார் நண்பர். 2007இல் வந்த ‘300’ திரைப்படத்தை அவர் பலமுறை பார்த்தவர்.

அவர் பெருமையாகத்தான் சொன்னார். மருதிருவர் பிறந்த நரிக்குடிப் பக்கத்து முக்குளம் இன்று எங்கள் விருதுநகர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒப்பீடு எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அது மருதிருவரை உயர்த்துவதாகத் தோன்றினாலும் உண்மையில் குறைக்கிறது என்பதே என் தரப்பு.

கி.மு. 480இல் தெர்மாபிலே கணவாயில் பாரசீகப் பெரும்படையை மறித்து நின்ற லியோனிடாஸ், ஹெராக்ளிஸின் வழிவந்ததாகச் சொல்லிக்கொண்ட அரச குலத்தவன். எபியால்டிஸ் என்பவன் மலைப்பாதையைக் காட்டிக்கொடுத்தபின், பெரும்பாலான கிரேக்கர்களை அனுப்பிவிட்டு, ஸ்பார்ட்டாவின் முந்நூற்றுவருடன் நின்று மடிந்தான் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அதே இடத்தில் விருப்பத்தோடு நின்று இறந்த தெஸ்பியா நகரத்தார் 700 பேரையும் அவர் சொல்லத்தான் செய்கிறார். ‘300’ திரைப்படத்துக்கு அவர்கள் தேவைப்படவில்லை. இறுதிச் சமர் என்ற கதைவடிவத்துக்கு ஓர் அரசன், ஒரு கணவாய், ஒரு துரோகி ஆகிய மூன்றும் போதும்.

இந்த அச்சில் 1801ஐ வார்த்தால் என்ன ஆகிறது? முதலில், மருதிருவர் அரசர்களே அல்லர். சேதுபதியின் படையில் பணிபுரிந்த ஒருவரின் மக்கள். வேலுநாச்சியாருக்குத் துணைநின்று சிவகங்கையை மீட்டுப் பிரதானிகளானவர்கள். கும்பினியாருக்கு வாய்த்த பிடி இதுதான். ஒரு மாதமாகச் சிறுவயலிலிருந்து காடு வெட்டியும் காளையார்கோவிலை நெருங்க முடியாத கர்னல் அக்னியூ, 1801 செப்டம்பரில் படமாத்தூர் கௌரிவல்லப உடையத்தேவரைச் சோழபுரத்தில் சிவகங்கை ஜமீன்தாராக அறிவித்தார். அரச குலத்துக்கு உரியவர் ஒருவரை முன்னிறுத்தியதும் ஊர்கள் பிளவுபட்டன. அக்டோபர் 1ஆம் தேதி பல திசைகளிலிருந்தும் புகுந்த படைகளிடம் காளையார்கோவில் வீழ்ந்தது. இங்கே எபியால்டிஸ் காட்டிய மலைப்பாதையின் வேலையைப் பெருமளவு செய்தது ஒரு பட்டம். யார் ஆளத்தக்கவர் என்று நாமே நம்பிக்கொண்டிருந்த ஒன்றை எதிரி எடுத்துப் பயன்படுத்திக்கொண்டான். துரோகி ஒருவனின் பெயரைச் சொல்லி முடித்துவிடுவது நமக்கு வசதியாக இருக்கிறது.

அடுத்தது, அவர்கள் சாவதற்காக நிற்கவில்லை. சிறுவயலைத் தாங்களே எரித்துவிட்டுக் காட்டுக்குள் பின்வாங்கினார்கள். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து 1801 பிப்ரவரியில் தப்பிய ஊமைத்துரை, பாஞ்சாலங்குறிச்சி மே மாதம் விழுந்தபின் அவர்களிடம்தான் வந்து சேர்ந்தார். ஜூன் 16ஆம் தேதியிட்டு, திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோவில் மதிலிலும் ஒட்டப்பட்ட சின்ன மருதுவின் அறிக்கை, பிராமணர் தொடங்கி முசல்மான்கள் வரை எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்கிறது. கும்பினியின் கீழ் பணிபுரியும் நம்மவர்களையும் அழைக்கிறது. வெல்ல நினைத்தவர்களின், கூட்டுச் சேர்க்கத் தெரிந்தவர்களின் ஆவணம் அது. சுவரொட்டியாகவே ஒட்டப்பட்ட அந்த அறிக்கையின் ஒரு வரிகூட நண்பரின் அச்சகத்துச் சுவரொட்டியில் இல்லை. இருந்தவை ஒரு சாதியின் பெயரும் வாழ்த்துவோர் பட்டியலும். எல்லோரையும் அழைத்தவர்களின் நினைவு நாளுக்கு இன்று காவல்துறை ஊர்வலப் பாதை வகுக்க வேண்டியிருக்கிறது. வாளும் தீப்பிழம்பும் மட்டும் எஞ்சினால், அவற்றை எந்தக் கையும் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

நம்மிடம் ஹெரோடோட்டஸ் இல்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. சிவகங்கைச் சரித்திரக் கும்மியும் அம்மானையும் அச்சில் வந்திருக்கின்றன. நம்மில் எத்தனை பேர் புரட்டியிருக்கிறோம்? (நானே கும்மியை ஐம்பது வயதில்தான் படித்தேன்.) இன்னொரு சாட்சி எதிரணியிலிருந்து வந்தவர். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுத்தந்தவர் சின்ன மருது என்று எழுதிவைத்தார். அந்த நண்பரையே வேட்டையாடிய படையில் அவரும் இருந்தார். பாரசீகத் தரப்பில் லியோனிடாஸுக்கு இப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருதிருவரும் உறவினர்களும் கூட்டாளிகளும் தூக்கிலிடப்பட்டனர். சுவரொட்டி அங்கே முடிந்துவிடுகிறது. கதை முடியவில்லை. 1802 பிப்ரவரியில் 70க்கும் மேற்பட்டோர் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர். அவர்களில் ஒருவன் சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமி. வயது பதினைந்து. தூத்துக்குடியில் அவனைக் காவல் காத்தவர் வெல்ஷ்.

1818இல் வெல்ஷ் பினாங்குக்குப் போயிருந்தபோது அவர்முன் ஒரு மனிதர் வந்து நின்றார். உரிய வயதுக்கு முன்பே முதுமை தட்டிப்போன தோற்றம். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான் தன் பெயரைச் சொன்னார், துரைசாமி என்று.