பாதையும் தடமும்

பழைய மாணவர் ஒன்றுகூடிப் பயணஞ் செய்தல் நமக்குப் புதிதன்று. ஆயினும், நான்கு சில்லுகளும் உந்தும் ஜீப் வண்டிகளில், தார்ப் பாதையை விட்டு மணலிலும் சேற்றிலும் குழுவாகச் செல்லும் ஆர்வம் நம்மவர் சிலரிடையே இப்பொழுது தோன்றியுள்ளது. இதனை வீண் ஆடம்பரமென்று இகழ்வாரும் உளர். யான் அவர் கட்சியைச் சேர்ந்தவனல்லேன். எனினும், முதன்முறை உடன்வரும் இளைஞனுக்கு நாம் எதனைக் கற்பிக்கின்றோம் என்பதில் எனக்கொரு வழக்குண்டு. தார்ப் பாதையை விடலாம். ஏலவே உள்ள தடத்தை விடலாகாது என்பதே அது.

வண்டியின் வலிமையைப் பற்றியே பெரும்பாலும் அவனுக்குச் சொல்லப்படுகின்றது. மணலில் வண்டியைக் காப்பதோ ரயரின் மென்மை. சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தலுக்கு மேல் நிற்கும் காற்றை 18 இறாத்தல் அளவுக்கு இறக்கினால், ரயர் நீண்டு படிந்து பாரத்தைப் பரந்த மணலின்மேற் பகிர்ந்துவிடும். புதைந்தபின் விசையைக் கூட்டுவது குழியை ஆழமாக்குமேயன்றி வண்டியை எழுப்பாது. இறங்கி மண்வெட்டி பிடிப்பதே சாரதிக்கு அழகு. சரிவிற் குறுக்கே திருப்பினால் வண்டி புரளும். தார்ப் பாதைக்கு மீண்டதும் காற்றை மறுபடி ஏற்றுதல் வேண்டும். அன்றேல் விரைந்து ஓடுகையில் ரயர் சூடேறி வெடித்தலுங் கூடும். இவையெல்லாம் ஒரு பகற்பொழுதிற் கற்கத்தக்கவை.

குழுவாய்ச் செல்லும் முறை அத்துணை எளிதன்று. ஒவ்வொரு சாரதியும் தன் பின்வருவானைக் கண்ணாடியிற் பார்த்துக்கொண்டே செல்லுதலும், திருப்பங்களில் அவன் கண்ணிற்படும்வரை நிற்றலும் வேண்டும். இவ்வொரு விதி காக்கப்படின் எவரும் வழிதவறார். புதியவனைக் கடைசியில் விடுதல் தகாது. முன்னும் பின்னும் பழகியோர் இருக்க, அவன் நடுவே வருக. முன்னே பறந்துபோய்த் தேநீருடன் காத்திருப்பவர் நல்ல நண்பராயிருக்கலாம்; தலைவராகார்.

இனி, தடத்தை ஏன் விடலாகாது என்பது. வடமராட்சி கிழக்கின் மணற்காட்டுக் குன்றுகளைக் காணும் எந்தச் சாரதிக்கும் உச்சிக்கு ஏறிப் பார்க்க மனம் விழையும். அக்குன்றுகளைக் காற்றுக் கொண்டுபோகாமற் பிடித்துவைப்பன இராவணன் மீசையும் அடம்பன் கொடியுமே. “அடம்பன் கொடியுந் திரண்டால் மிடுக்கு” என்று மேடைதோறும் முழங்கும் நாம், அக்கொடியின்மீதே பத்து வண்டிகளைத் திரளாக ஓட்டுவது நகைப்புக்கிடமானது. வேர் அறுந்தால் மணல் பெயரும். 2004 டிசெம்பர் 26இல் யாலக் கடற்கரையில், குன்றுகள் உயர்ந்து நின்ற இடங்களில் ஆழிப்பேரலை தடைப்பட்டது. கடற்காட்சிக்காகக் குன்றைக் குறைத்திருந்த ஓரிடத்தில் விடுதியே அழிந்தது.

அதனினும் கொடியது வேறொன்று. மணற்காட்டிலிருந்து கரையோரமாகத் தெற்கே சென்றால் நாகர்கோவில் வரும். கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்னும் இக்கோட்டிலேதான் போர்முனை பல்லாண்டு நிலைகொண்டிருந்தது. 2009இற் போர் ஓய்ந்தபின்னும் மிதிவெடி அகற்றுவோர் ஆண்டுக்கணக்காக முழந்தாளிட்டு அம்மண்ணைத் துருவவேண்டியதாயிற்று. மாரி வெள்ளம் வெடிகளை இடம்பெயர்த்தலும் உண்டு. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை காணப்படாமை ஒன்றே அந்நிலம் தூய்தென்பதற்குச் சான்றாகாது. பிறநாட்டில் இவ்விளையாட்டைப் பயின்று விடுமுறைக்கு வரும் அன்பர்கள் இதனைச் சிறப்பாக மனங்கொள்ளல் வேண்டும். அங்கே தடத்தை விட்டவன் சேற்றிற் புதைவான்; இங்கே அவன் திரும்பாமலும் போகலாம்.

ஆதலின், நம் சங்கத்தார் இத்தகைய பயணமொன்றை ஒழுங்குசெய்வராயின், வண்டிகளைத் தேடுமுன் அவ்வூர்க் கடற்றொழிலாளர் ஒருவரைத் தேடுவாராக. அவரை முதல் வண்டியில் முன்னிருக்கையில் அமர்த்தி, அவர் நிறுத்தச் சொல்லுமிடத்தில் எல்லா வண்டிகளையும் நிறுத்தி, அப்பால் அவர் காட்டும் ஒற்றையடித் தடத்திலே நடந்து செல்லலாம்.