"ஐஸ் கட்டியைப் படித்து என்ன செய்யப் போறா?" என்று சிரித்தவர்களுக்கு

நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுமத்தில் ஒரு தங்கச்சி எழுதியிருந்தா. கலாநிதிப் பட்டத்தை முடிக்கப் போகிற பிள்ளை. அதற்குப் பிறகு துருவ ஆய்வுக்கான புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கப் போவதாகவும், துஆச் செய்யும்படியும் கேட்டிருந்தா. வந்த பதில்கள் இவை: "ஐஸ் பழம் விற்கவா?" "பொம்பளப் புள்ளக்கு அங்க என்ன வேல?" "ஆறு மாசம் பகலாமே, எப்படித் தொழுறது?" கீழே வரிசையாகச் சிரிப்புப் படங்கள். இரவுக்குள் அந்தப் பிள்ளை பதிவையே அழித்துவிட்டா.

அவ எங்களிடம் படித்த பிள்ளை. அதனால் பதில் சொல்லும் கடமை எங்களுக்கு இருக்கிறது.

முதலில் ஐஸ். தெய்வேந்திரமுனையில் நின்று நேரே தெற்கே பார்த்தால் அந்தாட்டிக்கா வரை இடையில் தரையே இல்லை, கடல் மட்டும்தான். மேற்கு அந்தாட்டிக்காவில் துவைட்ஸ் என்று ஒரு பனியாறு இருக்கிறது. எங்கள் முழு இலங்கையைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பெரியது. அது முழுதாகக் கரைந்தால் உலகக் கடல்மட்டம் சராசரியாக 65 சென்ரிமீற்றர் உயரும். அத்தோடு முடியவில்லை. அவ்வளவு பெரிய பனித்திணிவு தன் ஈர்ப்பால் கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்தப் பிடி தளரும். அங்கே கடல் தாழும், தூரத்தில் இருக்கிற எங்களைப் போன்றவர்களின் கரையில் சராசரியை விடக் கூடுதலாக ஏறும். கடற்கரையில் வீடும் தோணியும் மையவாடியும் வைத்திருக்கிற ஊர்க்காரர்களா இதைப் பார்த்துச் சிரிப்பது?

இரண்டாவது, "சின்னப் பிள்ளைகள் போய் என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள்" என்ற பேச்சு. 1985 மே மாதம் அந்தாட்டிக்காவுக்கு மேலே ஓசோன் படை பெரிதாக மெலிந்துபோவதை உலகுக்கு அறிவித்த பிரித்தானியர் மூவரில் ஜொனதன் ஷாங்க்ளின் அப்போது முப்பதைத் தாண்டிய இளைஞர். 1977இல் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது, தேங்கிக் கிடந்த பழைய அளவீட்டுத் தாள்களைக் கணினியில் ஏற்றும் வேலை. அந்தச் சலிப்பான வேலைக்குள்ளிருந்துதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டே வருடத்தில், 1987இல், மொன்றியல் உடன்படிக்கை வந்தது. 1989இல் இலங்கையும் சேர்ந்தது. உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் வாயு மாறியதற்குக் காரணம் அதுதான்.

மூன்றாவது, பெண்பிள்ளை. இந்தப் பேச்சு எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தமானதல்ல. அமெரிக்கக் கடற்படையும் பெண்களை அந்தாட்டிக்காவுக்கு ஏற்றிச் செல்ல மாட்டோம் என்று பல வருடம் சொன்னது. 1969 நவம்பரில் ஆறு பெண்கள் தென்துருவத்தில் ஒன்றாக இறங்கினார்கள். அவர்களில் புவி இரசாயனவியலாளர் லோயிஸ் ஜோன்ஸும் அவரது குழுவும் இருந்தார்கள். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். துருவ ஆய்வாளர்கள் எல்லோரும் துருவத்துக்குப் போவதில்லை. செய்மதித் தரவு, பனித்தூண் மாதிரி, கணினி மாதிரியுரு என்று ஆய்வுகூடத்திலேயே வேலை செய்கிறவர்கள் பலர். தொழுகையைப் பற்றிக் கேட்டவருக்கு: நேரத்தைக் கணக்கிட்டுத் தொழும் வழியை உலமாக்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். உண்மையான சந்தேகம் என்றால் மௌலவியிடம் கேளுங்கள். பிள்ளையை மறிக்க மார்க்கத்தைச் சாட்டாக எடுக்காதீர்கள்.

வெளியாட்களையும் சும்மா விடப்போவதில்லை. அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் துருவப் புலமைப்பரிசில் அந்நாட்டுப் பிரஜைகளுக்கும் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும்தான். அவர்கள் வரிப்பணம், அவர்கள் சட்டம் என்று சொல்லலாம். ஆனால் உருகும் பனி கடவுச்சீட்டைப் பார்த்துக் கரைக்கு வருவதில்லை. கடல் ஏறும் நாடுகளின் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு "உலகப் பிரச்சினை" என்று பேசுவது நியாயமில்லை.

என்றாலும் எல்லாக் கதவும் பூட்டியில்லை. ஐரோப்பாவின் மேரி கியூரி புலமைப்பரிசிலுக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். கலாநிதிப் பட்டம் பெற்ற எட்டு வருடத்துக்குள், போகப்போகும் நாட்டில் அண்மையில் நீண்டகாலம் வசிக்காதவராக இருக்க வேண்டும். இங்கிருந்து போகிற பிள்ளைக்கு அது தடையே இல்லை. ஜேர்மனியின் பிரேமர்ஹாபனில் அல்பிரட் வெகனர் நிறுவகம் இருக்கிறது. ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் புலமைப்பரிசிலும் வெளிநாட்டவருக்கு உண்டு, தேசிய துருவ ஆய்வு நிறுவகம் தோக்கியோவின் தச்சிகாவாவில் இருக்கிறது. ஏற்றுக்கொள்ளும் ஓர் ஆய்வாளரைத் தேடி எழுதி, அவரோடு சேர்ந்து விண்ணப்பம் தயாரிக்க வேண்டும். கஷ்டம்தான், ஆனால் நடக்காத காரியமல்ல.

"ரெண்டு வருசம் முடிஞ்சா வேல இல்லையே" என்கிறார்கள் பெற்றோர். இது மட்டும்தான் நியாயமான கேள்வி. ஆம், நிரந்தரமில்லை, ஓய்வூதியமும் இல்லை. அப்படியென்றால் அந்த இடைவெளியில் பிள்ளைக்குத் தோள் கொடுக்க வேண்டியது யார்? கல்யாண மண்டபத்துக்கும் கந்தூரிக்கும் காசு சேர்க்கத் தெரிந்த ஊருக்கு, ஒரு பிள்ளையின் ஆங்கிலப் பரீட்சைக் கட்டணத்துக்கும் விசாச் செலவுக்கும் சேர்க்கத் தெரியாதா?

எங்கள் மீதும் பிழை இருக்கிறது. வைத்தியர், பொறியியலாளர், இல்லையென்றால் ஆசிரியர் என்று மூன்றே பாதையைக் காட்டி வளர்த்தது நாங்கள்தான். அந்த வகுப்பில் அந்தாட்டிக்கா என்பது தேசப்படத்தின் அடியில் வெள்ளையாகக் கிடந்த ஓர் இடம் மட்டும்தான். அதற்காக அந்தத் தங்கச்சியிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்கிறோம்.

சிரித்தவர்கள் எங்களுக்குப் பதில் எழுத வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: "பதிவைத் திரும்பப் போடு, துஆச் செய்கிறோம்." விண்ணப்பச் செலவில் பங்கெடுக்க விரும்புகிறவர்கள் எங்களை உள்பெட்டியில் தொடர்புகொள்ளுங்கள்.