கோடு நகரலாம்... பஸ் நிற்கலாமா?

"இன்னா தம்பி, எங்க ஊரை டவுன்ல சேத்துட்டா டவுன் பஸ் வருமா, இல்ல இருக்கிறதும் பூடுமா?"

பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு அக்கா என்னைக் கேட்ட கேள்வி இது. இன் பண்ணின சட்டை, தோளில் பை... சென்சஸ் ஆபீசர் என்று நினைத்துவிட்டார் போல. நான் பசியாவரத்து நண்பன் வீட்டில் இறால் தொக்கு சாப்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த அப்பாவி குமாஸ்தா. பசியாவரம் போனவன் பசியோடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை!

ஏரிக்குள் இருக்கும் ஊர் அது. பல காலம் அங்கே படகுதான் பஸ். படகைப் பிடித்து, கரையேறி பஸ்ஸைப் பிடித்து, பொன்னேரியில் ரயிலைப் பிடித்து... பிடிப்பதிலேயே பாதி நாள் போய்விடும். மீன் பிடிக்க மீதி நாள்.

"விசாரிச்சுச் சொல்றேங்க்கா" என்று நழுவினேன். ஆனால் கேள்வி நழுவவில்லை. மறுநாள் லஞ்ச் டயத்தில் தோண்ட ஆரம்பித்தேன்.

பேரூராட்சி, நகராட்சி என்று அறிவிக்கப்படாத ஊரும் சென்சஸ் கணக்கில் 'நகரம்' ஆகலாம். மூன்று பாடத்தில் பாஸாக வேண்டும். 5,000 ஜனம். சதுர கிலோமீட்டருக்கு 400 பேர். ஆண் தொழிலாளர்களில் 75 சதவிகிதம் பேருக்கு விவசாயம் அல்லாத வேலை. மூன்றாவதில்தான் வேடிக்கை. 1961, 1971 கணக்கெடுப்புகளில் மீன்பிடிப்பு விவசாயம் இல்லை. 1981-ல் விவசாயத்தோடு சேர்த்துவிட்டார்கள். அதே ஏரி, அதே வலை. ஆனால் வலை வீசுகிறவர் ஒரு சென்சஸில் பட்டணத்துப் பக்கம், அடுத்ததில் பட்டிக்காட்டுப் பக்கம்!

சரி, பேர் மாறினால் என்ன குடிமுழுகிவிடும்? பணம் அந்தப் பேரைப் பார்த்துத்தான் சார் வருகிறது. 2004-ல் தமிழக அரசு 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் 'சிறப்பு கிராம ஊராட்சி' ஆக்கியது. கிராமம் என்றால் மத்திய நிதி கூடுதலாகக் கிடைக்கும் என்ற கணக்கு. 2006-ல் மறுபடியும் பேரூராட்சி. ஜனங்கள் வீட்டை விட்டு நகரவே இல்லை. போர்டுதான் போய் வந்தது.

பஸ்ஸும் இதற்கு விலக்கில்லை. 2023-ல் மத்திய அரசு 10,000 மின்சார பஸ்களுக்கு ஒரு திட்டம் போட்டது. 3 லட்சம் ஜனத்தொகைக்கு மேற்பட்ட நகரங்களே பிரதானம். பார்த்தது 2011 சென்சஸை! அந்தக் கணக்கெடுப்பில் தொட்டிலில் கிடந்த பையன் இப்போது ஃபுட்போர்டில் தொங்குகிறான்.

அமெரிக்காவிலும் இதே தலைவலி. 2 லட்சத்துக்குட்பட்ட நகரப் பகுதி என்றால், மத்திய மானியத்தில் டிரைவர் சம்பளமும் டீசலும் போடலாம். சென்சஸ் கோடு நகர்ந்து, பக்கத்து ஊரும் சேர்ந்து 2 லட்சத்தைத் தாண்டினால், பொதுவாக அந்தப் பணம் புது பஸ் வாங்குவது போன்ற செலவுகளுக்குத்தான். மாப்பிள்ளைக்கு பைக் வாங்கிக் கொடுத்துவிட்டு, பெட்ரோலுக்குக் கையை விரிக்கிற மாமனார் மாதிரி! சின்ன ஊர்கள் சத்தம் போட்டன. 2012-ல் சட்டத்தையே திருத்தி, நெரிசல் நேரத்தில் 100 பஸ் வரை ஓட்டுகிறவர்களுக்கு மானியத்தில் ஒரு பங்கை ஓட்டும் செலவுக்கே அனுமதித்தார்கள்.

நமக்கும் நேரம் வந்தாச்சு. 2027 சென்சஸுக்காக ஊர் எல்லைகளை 2025 டிசம்பர் 31-ஓடு ஐஸ் பெட்டி மீன் மாதிரி உறைய வைத்துவிட்டார்கள். கணக்கு வெளிவந்ததும் எது கிராமம், எது நகரம் என்ற பட்டியல் புதுசாகும். சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்க 2022-லேயே ஆணை வந்தாயிற்று. 'நகரம்' என்று பேர் வைத்ததாலோ என்னவோ, நகர்ந்துகொண்டே வருகிறது!

இதில் பயம் ஒன்றுதான். 'நீ இனி கிராமம் இல்லை' என்று ஒரு கை பஸ்ஸை நிறுத்தும். 'நீ இன்னும் நகரம் ஆகலை' என்று இன்னொரு கை தட்டிக்கழிக்கும். நடுவில் நிற்பது மீன் கூடை. ஐஸ் உருகும், ஃபைல் உருகாது.

ஆகவே ஆபீஸ் போகும் இளைஞர்களே, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 லீவுகளில் தூங்கி வழியாமல் சொந்த ஊர் கிராம சபைக்குப் போங்கள். 'எல்லை மாறினாலும், மாற்று பஸ் ஓட ஆரம்பிக்கும்வரை இப்போது ஓடும் பஸ்ஸை நிறுத்தக் கூடாது' என்று ஒரு வரித் தீர்மானம் கேளுங்கள். பிறகு அதிகாரிகள் கோட்டை எங்கே வேண்டுமானாலும் போடட்டும்.

அடுத்த முறை போனபோது அக்காவைத் தேடிப்பிடித்து இத்தனையும் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"கோடு எங்க போனா எனக்கு இன்னா தம்பி? கூடை பொன்னேரி போவணும். இப்டி ஒரு கை புடி, பஸ் கெளம்புது!"

தூக்கி வைத்தேன். அந்த கனத்தை எந்த சென்சஸ் படிவத்திலும் எழுத முடியாது.