வெட்கம் நோயைத் தீர்க்காது

இடைசெவல், கோவில்பட்டி வட்டாரத்தில் இன்று செல்போன் இல்லாத வாலிபனைக் காண்பது அரிது. மில்லில் ஷிப்டு முடிந்து வருகிறவனும், பருத்திக் காட்டில் கூலி வேலை செய்து திரும்புகிறவனும் இரவில் வீடியோ பார்க்கிறான். இந்த வாலிபர்களில் ஆணை விரும்பும் ஆண்களும் உண்டு. பட்டணத்தில் மட்டுமல்ல, கரிசல் கிராமங்களிலும் உண்டு. அவர்களும் நம்மைப் போல் உழைத்துப் பிழைக்கிறவர்களே. அவர்களுடைய உடல்நலம் பற்றி வாய் திறந்து பேச வேண்டும் என்று கருதுகிறோம்.

இப்படிப்பட்ட வாலிபனுக்கு மறைவிடத்தில் ஒரு புண் வந்தால் யாரிடம் கேட்பான்? தகப்பனிடம் கேட்க முடியாது. கூட்டாளியிடம் சொன்னால் ஊர் சிரிக்கும். ஆகவே செல்போனிடம் கேட்கிறான். அங்கே அவனுக்காகக் காத்திருப்பவன் யார்? முன்பு பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் அறை எடுத்து, 'ரகசிய நோய்' தீர்ப்பதாக நோட்டீஸ் ஒட்டினானே, அதே லேகிய வியாபாரிதான்! இன்று வீடியோவில் தோன்றிப் பயங்காட்டுகிறான். கூலிப் பணத்தைப் பறிக்கிறான்.

உண்மை என்ன? கிரந்திப் புண் பெரும்பாலும் வலிக்காது. சில வாரங்களில் தானே ஆறிவிடும். லேகியம் ஆற்றியது என்று நம்புகிறவன் ஏமாந்து போகிறான். நோய் உள்ளேயே இருக்கிறது. அதைத் தீர்ப்பது பென்சிலின் ஊசி. எச்.ஐ.வி.க்குத் தினசரி மாத்திரை உண்டு. 2004 முதல் சர்க்கார் அதை இலவசமாகத் தருகிறது. தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத நிலை நீடித்தால், உடலுறவால் அது பிறருக்குத் தொற்றாது. ஆணுறை இந்த நோய்களை வெகுவாகத் தடுக்கும். இவ்வளவையும் இரண்டு நிமிஷ வீடியோவில், நம் ஊர்ப் பேச்சில் சொல்லிவிடலாம்.

சொல்வதற்குத் தடையாக நின்றது எது? 1860-இல் வெள்ளைக்காரன் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு. 2001-இல் லக்னோவில், இத்தகைய ஆண்களிடையே எய்ட்ஸ் தடுப்பு வேலை செய்த ஊழியர்களையே போலீஸ் பிடித்து, ஒன்றரை மாதம் சிறையில் அடைத்தது! 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டியது. வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்வது குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. சட்டம் போயிற்று, பயம் போகவில்லை.

பயத்தின் விலை என்ன? 2021-ஆம் வருஷத்துச் சர்க்கார் கணக்குப்படி, நாட்டில் வயது வந்தோரில் ஆயிரத்துக்கு 2 பேருக்கு எச்.ஐ.வி. உண்டு. ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களிலோ நூற்றுக்கு 3 பேருக்கு மேல்!

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். பின்னர் 'புள்ளிராஜா' விளம்பரம் தமிழ்நாட்டின் தெருவெல்லாம் பேசப்பட்டது. ஆனால் அது பெண்ணிடம் போகும் ஆணைப் பற்றியே பேசியது. ஆணோடு ஆண் சேர்ந்தால் ஆபத்தில்லை என்ற தப்பெண்ணத்துக்கு இடம் இருந்துகொண்டே இருந்தது.

சீனாவில் வேறு வழி கண்டார்கள். குவாங்டாங், ஷான்டாங் மாகாணங்களின் 8 நகரங்களில், பொதுமக்களிடமே போட்டி வைத்து, பரிசோதனைக்கு அழைக்கும் படங்களையும் வாசகங்களையும் உருவாக்கினார்கள். அவற்றை இத்தகைய ஆண்களின் செல்போனுக்கு அனுப்பினார்கள். பரிசோதனை செய்துகொண்டவர்கள் அதிகமானார்கள் என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. கூலிக்கு விளம்பரம் எழுதுகிறவனைவிடத் தன் கஷ்டம் தெரிந்தவன் சொல்லும் சொல் நெஞ்சில் தைக்கும்.

இந்தப் பணியை அந்நிய நிதியை நம்பி விடுவது தகாது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு நிதியை நிறுத்தியதும், ஐதராபாத்தில் திருநங்கையருக்கென இருந்த மித்ர் மருத்துவமனை மூடப்பட்டது. இது நம் சர்க்கார் செய்ய வேண்டிய வேலை.

ஆகவே நாம் கோருகிறோம்: சர்க்கார் பணம் ஒதுக்கி, இந்த வாலிபர்களைக் கொண்டே தமிழில் வீடியோக்கள் தயாரிக்க வேண்டும். முகம் காட்ட வேண்டாம், குரல் போதும். ஒவ்வொன்றின் முடிவிலும் 1097 என்ற இலவச டெலிபோன் எண்ணும், சர்க்கார் ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துக்கு வழியும் சொல்ல வேண்டும். வீடியோவை நம்பி வருகிறவனை அங்கே ஏளனமாகக் கேள்வி கேட்டால் அவன் திரும்பி வரமாட்டான். மரியாதையும் ரகசியமும் உறுதியாக வேண்டும். எச்.ஐ.வி. இருப்பதற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்குவதை 2017-ஆம் வருஷத்துச் சட்டம் தடை செய்கிறது. மில் முதலாளிகள் இதை மறக்கலாகாது.

தொழிலாளித் தோழர்களே! பக்கத்துத் தறியில் நிற்கும் வாலிபனைக் கேலி செய்வதால் யாருக்கு லாபம்? லேகியக்காரனுக்கு மட்டுமே. அவனுக்கு ஆஸ்பத்திரி வழியைக் காட்டுங்கள். அதுவே தோழமை!