நோய்க்கு மதச் சாயம்: அந்தமான் உணர்த்தும் பாடம்

புது தில்லி: கரோனா தொற்று பரவத் தொடங்கியிருந்த நேரம். 2020 ஏப்ரல் 18-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் தில்லியில் நடத்திய செய்தியாளர் சந்திப்பில் அந்தமான் நிகோபார் தீவுகளும் இடம்பெற்றன. அங்கு அதுவரை கண்டறியப்பட்ட 12 நோயாளிகளில் 10 பேர் நிஜாமுதீன் தப்லீக் ஜமாஅத் கூட்டத்துடன் தொடர்புடையவர்கள் என அறிவிக்கப்பட்டது. தமிழகத்தில் 84 சதவீதம், நாடு முழுவதும் சுமார் 30 சதவீதம் எனவும் கணக்கு தரப்பட்டது.

யாரிடமிருந்து யாருக்கு நோய் தொற்றியது என ஆராய்வது சுகாதாரத் துறையின் கடமை. அதில் தவறில்லை. ஆனால், ஒரு கூட்டத்தில் பங்கேற்றவர்களையே தேடித் தேடிப் பரிசோதித்தால், அவர்களின் விகிதம் உயர்ந்தே தெரியும். இந்த விளக்கமின்றி வெளியான எண்கள், ஒரு சமூகத்தின் மீதான குற்றப்பத்திரிகையாக மாறின. நோயாளிகளை மத அடிப்படையில் வகைப்படுத்த வேண்டாம் என உலக சுகாதார அமைப்பு ஏப்ரல் 6-ஆம் தேதியே எச்சரித்திருந்தது.

அரசியல் களம் இதைப் பயன்படுத்திக்கொண்டது. முஸ்லிம் வியாபாரிகளிடம் காய்கறி வாங்காதீர்கள் என உத்தரப் பிரதேச ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. ஒருவர் பேசினார்; கட்சி அவரிடம் விளக்கம் கேட்டது. கரோனா மதம் பார்த்துத் தாக்குவதில்லை என்று பிரதமர் மோடி ஏப்ரல் 19-இல் கூறினார். அதற்குள் வெறுப்பு வெகுதூரம் சென்றுவிட்டிருந்தது.

தப்லீக் வழக்கில் வெளிநாட்டினர் பலிகடா ஆக்கப்பட்டதாக மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தில்லி நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் 36 வெளிநாட்டினரை விடுவித்தது. வெளிநாட்டினரைத் தங்கவைத்ததாக 70 இந்தியர்கள் மீது தொடரப்பட்ட 16 வழக்குகளை தில்லி உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 17-இல் ரத்து செய்தது. அவர்கள் நோயைப் பரப்பியதற்கு ஆதாரமில்லை என்பதே அதன் முடிவு. குற்றச்சாட்டு சில நாள்களில் நாடெங்கும் பரவியது. நீதி கிடைக்க ஐந்தாண்டுகள் பிடித்தன.

2011 கணக்கெடுப்பின்படி அந்தமானில் முஸ்லிம்கள் சுமார் 8.5 சதவீதம். 1857 எழுச்சிக்காக நாடு கடத்தப்பட்ட அறிஞர் ஃபஸ்லே ஹக் கைராபாதி, 1861-இல் அந்தத் தீவிலேயே மறைந்தார். 1921 மலபார் கிளர்ச்சியில் தண்டிக்கப்பட்ட மாப்பிள்ளைமார்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர். திரூர், மஞ்சேரி, வண்டூர் என்ற மலபார் ஊர்ப் பெயர்கள் தெற்கு அந்தமானில் நிலைத்துள்ளன. அந்நிய ஆட்சியால் நாடு கடத்தப்பட்டோரின் சந்ததியினரை அந்நியராகப் பார்ப்பது வரலாற்றுக்கே முரணானது.

அந்தமானுக்குச் சட்டப்பேரவை இல்லை. மக்களவையில் ஒரே உறுப்பினர். நிர்வாகம் மத்திய அரசின் நேரடிப் பொறுப்பில் உள்ளது. எனவே, தில்லியில் உச்சரிக்கப்படும் சொல்லே அங்கு அரசின் சொல். அதைத் திருத்த மாநில அரசு என்ற இன்னொரு குரல் இல்லை.

மத சுதந்திரத்தை உறுதிசெய்யும் அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு, பொது சுகாதாரத்துக்காகக் கட்டுப்பாடு விதிக்கவும் இடமளிக்கிறது. அக்கட்டுப்பாடு எல்லா மதத்தினரின் கூட்டங்களுக்கும் ஒன்றுபோல் பொருந்த வேண்டும். கூட்டத்தைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. சமூகத்தின் மீது முத்திரை குத்த அல்ல. அடுத்த பெருந்தொற்று வருமுன் தில்லி இந்த வேறுபாட்டை உணர்ந்தாக வேண்டும்.