காய்க்கும் ஒரு தேக்சா

“வெஜ் பிரியாணின்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அது காய் போட்ட தக்காளி சாதம்.” இதைச் சொல்லாத சிநேகிதர்கள் எனக்குக் குறைவு. நான் பிறந்ததிலிருந்து சைவம். வளர்ந்தது ஆம்பூரில். அறுபது வயதாகியும் இந்தக் கேலியைக் கேட்டால் கோபம்தான் வருகிறது. நான் சாப்பிட்டு வளர்ந்தது பிரியாணிதான் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் தெருவில் கல்யாணங்களுக்குச் சமைக்கும் பாய் ஒருவர் இருந்தார். அவர் வீட்டு விசேஷம் என்றால் எங்களைப் போன்றவர்களுக்குத் தனி தேக்சா, தனிக் கரண்டி. எங்கள் தேக்சாதான் முதலில் அடுப்பேறும். காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, இஞ்சி பூண்டு, தயிர், புதினா என்று கறிக்குப் போடும் சரக்கு அத்தனையும் அதற்கும் உண்டு. சீரக சம்பாவை முக்கால் பதத்தில் வடித்து, மசாலாவோடு சேர்த்து மூடி, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டு தம் கட்டுவார்.

மாறுவது நேரக் கணக்கு. ஆட்டுக்கறி மசாலாவில் நிதானமாக வெந்து சாறும் கொழுப்பும் விடும். அரிசி ருசிப்பது அதனால். பீன்ஸை அவ்வளவு நேரம் விட்டால் கூழ். அதனால் உருளைக்கிழங்கை முன்னாலேயே எண்ணெயில் சிவக்க வறுத்துக்கொள்வார். கேரட்டும் பீன்ஸும் பெரிய துண்டுகளாக விழும். காலிஃப்ளவர் கடைசியில்தான். கறிச்சாறு இல்லாத குறைக்கு வெங்காயத்தை இன்னொரு பங்கு கூட்டிப் பொன்னிறம் தாண்டும்வரை வதக்கி, கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றுவார்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் இலையில் விழுந்ததும் வெஜ் பிரியாணிதான். வெள்ளைச் சாதத்தில் மசாலாப் பொடியையும் அவித்த பட்டாணியையும் கிளறியிருந்தார்கள். பக்கத்துப் பந்தியில் கறி பிரியாணி தம்மிலிருந்து ஆவி பறக்க வந்தது. சமைத்தவர் காட்டாத அக்கறைக்குக் காய் என்ன செய்யும்?

கொல்கத்தா பிரியாணியில் உருளைக்கிழங்கு இல்லாவிட்டால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கே வருவார்கள். 1856-இல் அவத் ராஜ்ஜியத்தைப் பறிகொடுத்து கொல்கத்தாவின் மட்டியாபுர்ஜில் குடியேறிய நவாப் வாஜித் அலி ஷாவோடு போன சமையல் அது. மசாலா ஊறிய அந்தக் கிழங்குக்காகவே அதைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. உத்தரப் பிரதேசத்து வீடுகளில் பலாப் பிஞ்சில் பிரியாணி செய்கிறார்கள். பிரியாணிக்குள் காய்க்கு இடமில்லை என்று அங்கே யாரிடம் போய்ச் சொல்வது?

பலாமூசு எனக்கும் பிடித்தது. கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவாமல் அதைத் தொடக்கூடாது. பால் பிசின் ரெண்டு நாளானாலும் போகாது. வெட்ட வெட்ட மஞ்சள் தண்ணீரில் போட வேண்டும், இல்லையென்றால் கறுத்துவிடும். அரை வேக்காடு வேகவைத்து, ஓரம் முறுகும்வரை எண்ணெயில் வறுத்து, தயிரிலும் மசாலாவிலும் அரை மணி நேரம் ஊறவைத்தால், நார் நாராகப் பிரிந்து உள்ளே வரை காரம் ஏறியிருக்கும். என் மருமகன் சாப்பிட்டுவிட்டு, “அத்தை, அப்படியே கறி மாதிரி இருக்கு” என்றார். பிரியமாகச் சொன்னதுதான். இருந்தாலும், “பலா மாதிரி இருக்குன்னு சொல்லுங்க மாப்பிள்ளை” என்றேன். கறிக்குப் பக்கத்தில் நிறுத்தி மார்க் போட்டால்தான் அதற்கு மரியாதையா?

புரட்டாசியில் கறி சாப்பிடாத வீடுகள் எத்தனை! அந்த ஒரு மாதமாவது பிரியாணிக் கடைக்காரர்கள் காய்க்கென்று ஒரு தேக்சாவை ஒழுங்காக ஏற்றலாம். மூசு கிடைக்காத காலம் என்றால் காளானோ சேனைக்கிழங்கோ போதும். தொட்டுக்கொள்ள எங்கள் ஊர்க் கத்தரிக்காய்த் தொக்கு இருக்கவே இருக்கிறது.

பாய் விசேஷம் முடிந்த மறுநாள் காலையில் எங்கள் வாசலுக்கு வருவார். உள்ளே கூப்பிட்டாலும் உட்கார மாட்டார். அம்மாவிடம் ஒரே கேள்விதான்: “அக்கா, காய் குழையாம இருந்துச்சா?”